தோற்றவர் உட்காரும் நாற்காலி

வைகாசி பிறந்துவிட்டால் தாராபுரத்தில் வெட்டவெளியில் ஷட்டில் ஆட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழலவைக்கிறது. ஐந்து கிராம் இறகுப்பந்து அதற்கு எம்மாத்திரம்? புரட்டாசி வரைக்கும் இதே கதைதான். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் நெடுங்காலம் செல்வாக்காக இருந்தது பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, எடை 27, 28 கிராம், பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பார்கள். காற்றோடு அதனால் ஓரளவு மல்லுக்கட்ட முடிந்தது.

ஷட்டில் இங்கே வேர்விட்டது உள்ளரங்குகள் வந்த பிறகுதான். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் திருப்பூர் வட்டாரம் முழுக்கத் தகரக் கூரை போட்ட அரங்குகள் எழுந்துவிட்டன. ரோட்டிலிருந்து பார்த்தால் பனியன் கம்பெனி குடோனா, ஷட்டில் கோர்ட்டா என்று சொல்வது சிரமம். உள்ளே பச்சை விரிப்பு, வெள்ளை விளக்கு, மணிக்கணக்கில் வாடகை. விடிவதற்கு முன்பே வாசலில் வண்டிகள் நிற்கும். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்குப் பயந்து ஆடுகிறார்கள். மீதிப் பேர், தாங்கள் ஆகாத சாம்பியனாகப் பிள்ளையை ஆக்கிவிடலாம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

அப்படி ஓர் அரங்கில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் சூடேறும் நேரத்தில் பந்து கடைசிக் கோட்டை ஒட்டி விழும். "லைன்ல பட்டுச்சுங்க" என்பார் ஒருவர். "இல்லீங்க, ரெண்டு விரக்கடை வெளியங்க" என்பார் எதிரில் நிற்பவர். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. இரண்டு பக்கமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பிறகு நால்வரில் வயதானவர், "செரி, மறுக்கா போடுங்க" என்பார். ஆட்டம் தொடரும்.

கொங்கு நாட்டுப் பஞ்சாயத்து அறிவு மொத்தமும் இந்த 'மறுக்கா போடுங்க'வில் இருக்கிறது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, நாளைக்கும் முகம் பார்த்துப் பேசலாம். பந்து எங்கோ ஓரிடத்தில் விழுந்தது என்பது மட்டும் யாருக்கும் வேண்டாத விஷயமாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஒரு பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி, மறுபக்கம் அவரிடம் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிறவர் என்று ஜோடி அமைந்துவிட்டால், முதலாளி பக்கம் விழும் பந்துகள் ஏனோ கொஞ்சம் அதிகமாகவே கோட்டுக்கு வெளியே விழுகின்றன. யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. கண்ணே அப்படிப் பழகிவிடுகிறது.

அம்பயர் என்று ஓர் ஆள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். கூர்மையான கண் அவருக்கு மட்டும் வாய்த்தது அல்ல. நாலு பேருக்கும் கண் இருக்கிறது, நாலு பேரும் பந்தைப் பார்த்தார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் தனக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லாத ஒரு ஆள் அந்த அரங்கில் இல்லை.

தாராபுரத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியருக்குத் தேசிய அம்பயர் ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்: பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், ரயில்வேக்காரர், ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஆடிவிட்டு முட்டி தேய்ந்தவர். குறுவட்டப் போட்டிகளில் விசில் ஊதிப் பழகியிருப்பார். மாவட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்து, மாநிலச் சங்கம் நடத்தும் தேர்வை எழுதி, முதலில் மாநில அம்பயர் ஆகவேண்டும். சில வருடம் மாநிலப் போட்டிகளில் உட்கார்ந்து கழித்த பிறகு, சங்கம் பரிந்துரைத்தால், 1934-இல் தொடங்கப்பட்ட இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் தேசியத் தேர்வுக்குப் போகலாம். எழுத்துத் தேர்வு உண்டு, நேர்முகம் உண்டு. நிஜமான ஆட்டத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, ஓரத்தில் நின்று பார்த்து மார்க் போடுவதும் உண்டு. அதற்கு மேலே ஆசிய அளவில் இரண்டு படி, உலக அளவில் இரண்டு படி.

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. தேர்வோ போட்டியோ எந்த மாநிலத்தில் நடந்தாலும், பஸ் ஏறித் திருப்பூரோ ஈரோடோ போய்த்தான் அவர் பயணத்தையே ஆரம்பிக்க வேண்டும். பள்ளியில் ஓ.டி. கேட்டு எழுத வேண்டும். தலைமை ஆசிரியர் நல்லவராக இருக்க வேண்டும். வீட்டில், "ஆடவும் போறதில்ல, ஜெயிக்கவும் போறதில்ல, எதுக்குங்க இத்தன தூரம்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எனக்கும் தெரியவில்லை. கிடைப்பது படிச்செலவு, தங்க இடம், ஒரு கறுப்புச் சட்டை. சங்கத்தின் தலைவர் நாற்காலிக்கு இந்த நாட்டில் ஒருபோதும் ஆள் பஞ்சம் வந்ததில்லை. 2017 முதல் இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஹிமந்த பிஸ்வ சர்மா. 2021-இல் அவர் அசாம் முதலமைச்சரும் ஆனார். நம் மாநிலச் சங்கத்துக்கு அன்புமணி ராமதாஸ் தலைவராக இருந்திருக்கிறார். வலைக் கம்பத்துக்கு நேரே போட்டிருக்கும் உயர நாற்காலிக்குத்தான் ஆள் தேடவேண்டியிருக்கிறது.

படிக்கவேண்டியது நிறைய இல்லை. விதிகள் மெல்லிய புத்தகம்தான். கோர்ட் நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10. வலை நடுவில் 1.524 மீட்டர், கம்பத்தில் 1.55. ஆட்டம் தொடங்குமுன் அம்பயர் அளவுகோலை வைத்து அளந்து பார்க்கவேண்டும். "நேத்து சரியாத்தானுங்க இருந்துச்சு" என்பது செல்லாது. பந்துக்கு 16 இறகு. கடைசிக் கோட்டிலிருந்து கீழ்க்கை வீச்சில் முழு பலத்தோடு அடித்தால், எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழவேண்டும். இல்லாவிட்டால் அது அன்றைய வெப்பத்துக்குச் சரியான பந்து அல்ல. சர்வீஸ் அடிக்கும் கணத்தில் பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கவேண்டும். 2018 வரை இந்த விதி 'இடுப்புக்குக் கீழே' என்றிருந்தது, இடுப்பு என்றால் கடைசி விலா எலும்பு என்று விளக்கமும் இருந்தது. ஓடியாடி வேர்த்து நிற்கும் ஒருவரின் கடைசி விலா எலும்பைச் சட்டைக்கு மேலிருந்து கண்டுபிடித்த தலைமுறையின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அம்பயர் எதைச் சொல்லவேண்டும் என்பது வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. என் வலப்பக்கம் இன்னார், இடப்பக்கம் இன்னார், சர்வீஸ் இன்னாருக்கு, லவ் ஆல், ப்ளே. இதற்கு மேல் ஒரு சொல் கூடாது, குறையவும் கூடாது. ஆடும் இரண்டு பிள்ளைகளும் குண்டடத்துக்காரர்களாக இருந்தாலும் இதே ஆங்கில வாசகம்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த ஒருவர் வீட்டுக் கண்ணாடி முன் நின்று இதைச் சொல்லிப் பழகவேண்டியிருக்கிறது. குரல் கடைசி வரிசை வரை எட்டவேண்டும், ஆனால் அதட்டலாக இருக்கக்கூடாது. வகுப்பறையில் முப்பது வருடம் அதட்டியே பழகிய தொண்டைக்கு இது லேசில் வராது. குரலே உதவாத ஆட்டமும் உண்டு. மதுரைக்காரரான ஷட்டில் வீராங்கனை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் அம்பயர் நாற்காலியில் இருந்தவர்களின் குரலால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கையும் முகமும்தான் பேசியிருக்கும்.

அப்புறம் கண். ஆட்டம் பார்க்கிறவர்கள் பந்தோடு கண்ணை ஓட்டுவார்கள். அம்பயருக்கு அந்தச் சுகம் கிடையாது. வலையை ராக்கெட் தொட்டதா, பந்து தன் பக்கம் வருமுன்னே கையை நீட்டி அடித்தாரா, சர்வீஸ் வாங்குகிறவரின் கால் அசைந்ததா, வெளியே போன பந்து போகும் வழியில் ராக்கெட் நுனியில் உரசியதா என்று வேறு வேறு இடங்களில் கண் இருக்கவேண்டும். கடைசியில் சொன்னதைப் பல சமயம் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இரைச்சல் மிகுந்த அரங்கில் அந்த ஒரு சத்தத்துக்காக முக்கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது முடிந்ததும் அடுத்த ஆட்டம்.

கோட்டோரம் உட்காரும் லைன் ஜட்ஜுக்கு வேலை இன்னும் சுருக்கம். பந்து வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் விரித்து 'அவுட்' என்று கத்தவேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்கக்கூடாது, வலக்கையால் கோட்டைக் காட்டினால் போதும். பார்க்க முடியாமல் போய்விட்டால்? இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்டவேண்டும். நான் பார்க்கவில்லை என்று ஆயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொள்வதற்கு இந்த ஆட்டம் ஒரு சைகையே வைத்திருக்கிறது. அப்போது அம்பயர் பார்த்திருந்தால் அவர் சொல்வார். அவரும் பார்க்கவில்லை என்றால் 'லெட்', மறுக்கா போடலாம். நம் ஊர் அரங்கில் முதல் வழியாக இருப்பது விதிப் புத்தகத்தில் கடைசி வழியாக இருக்கிறது. நம் ஆட்சி அலுவலகங்களிலோ நீதிமன்றங்களிலோ கண்ணைப் பொத்திக் காட்டும் வசதி இன்னும் வரவில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பது எளிது. ஒவ்வொரு கம்பெனியிலும் செக்கிங் பிரிவு உண்டு. விளக்கு வெளிச்சத்தில் மேஜை முன் நின்றபடி பெண்கள் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டுப்போன இடம் என்று எது கண்ணில் பட்டாலும் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர். தைத்தவர் யார், அவருக்குக் குடும்பத்தில் என்ன கஷ்டம் என்பது அந்த மேஜைக்கு வராது. ஆனால் அதே தொழிலில், கடைசியில் சரக்கை வாங்கும் பையரின் தரச்சோதனை ஆள், க்யூசி, வந்து நிற்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஏ.கியூ.எல். 2.5 என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 3,000 பீஸ் லாட்டில் வழக்கமான அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏழு குறை வரை லாட் பாஸ், எட்டாவது வந்தால் ரிஜெக்ட். மனிதக் கை செய்யும் வேலையில் தப்பு இருக்கத்தான் செய்யும், இத்தனை வரை பொறுத்துக்கொள்வோம் என்று வியாபாரம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. அம்பயருக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 125 முடிவில் 124 சரியாக இருந்து, அந்த ஒன்று 20-20இல் நேர்ந்துவிட்டால், அவர் பெயரை ஊரே நினைவில் வைத்துக்கொள்ளும். சரியாகச் செய்த 124-க்கு அவர் பெயர் யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

தப்பைத் திருத்த ஆட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த வழிக்கு நேரக்கெடு உண்டு. லைன் ஜட்ஜ் சொன்னது தெளிவாகத் தப்பு என்றால் அம்பயர் அதை மாற்றலாம். பெரிய போட்டிகளில் 2014-இலிருந்து கேமரா வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. இரண்டு முறை கேட்டுத் தப்பாகிவிட்டால் அதற்கு மேல் கேட்க முடியாது. எந்த முறையீடாக இருந்தாலும் அடுத்த சர்வீஸ் போடுமுன் சொல்லியாகவேண்டும். அடுத்த பந்து எழும்பிவிட்டால் முந்தையது வரலாறு. வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பழகிய நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். பங்காளிச் சண்டையில் வரப்புத் தகராறு மூன்று தலைமுறை ஓடுவதைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனாலும் நேரக்கெடு தாண்டிய பிறகு தெரியவரும் தப்புகள் இருக்கின்றன. 2022 ஏப்ரல் 30, மணிலா. ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் பி.வி.சிந்துவும் ஜப்பானின் அகானே யமாகுச்சியும். முதல் கேமைச் சிந்து 21-13 என்று எடுத்துவிட்டார். இரண்டாவதில் 14-11 என்று முன்னால் நிற்கிறார். சர்வீஸ் போட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று அம்பயர் ஒரு புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். எதிரில் இருந்தவர் தயாராக இல்லை, அதனால்தான் காத்திருந்தேன் என்றார் சிந்து. அம்பயருக்கு மேலே போட்டி முழுவதற்கும் பொறுப்பான ரெஃப்ரியிடமும் சொல்லிப் பார்த்தார். முடிவு மாறவில்லை. அதன் பிறகு ஆட்டம் கைநழுவி 19-21, 16-21 என்று போனது; வெண்கலத்தோடு திரும்பினார். அந்த வருடம் ஜூலையில் ஆசியச் சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழுத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. நடந்தது தப்பு, வருந்துகிறோம், இப்போது திருத்த வழியில்லை, இனி நேராமல் பார்த்துக்கொள்வோம் என்பது அதன் சாரம்.

மூன்று புள்ளி முன்னால் இருந்தவர் ஒரு புள்ளி போனதற்காகவா சரியவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். என்னை உறுத்துவது வேறு. சர்வீஸைத் தாமதப்படுத்தக் கூடாது என்ற விதியில், போடுகிறவரும் வாங்குகிறவரும் இருவரும் தயாரான பிறகு என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. தயாரா இல்லையா என்பதை எந்த அளவுகோலும் காட்டாது. 1.15 மீட்டரைக் கம்பு நட்டுக் காட்டலாம். ஒரு மனிதர் தயாராகிவிட்டாரா என்பதை இன்னொரு மனிதர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கடிகாரத்தைப் பார்த்தவர் எதிரில் நின்ற ஆளைப் பார்க்கவில்லை. அவரும் ஒரு நாள் தேர்வு எழுதித்தான் வந்திருப்பார், நல்ல மார்க் வாங்கித்தான் வந்திருப்பார்.

விதியை மீறுகிறவர்களை விட, விதிப்படியே நடந்துகொண்டு ஆட்டத்தைக் கெடுக்கிறவர்கள் அம்பயருக்குப் பெரிய தலைவலி. 2012 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் ஆட்டங்களில் அதுதான் நடந்தது. தோற்றால் அடுத்த சுற்றில் வசதியான எதிராளி கிடைப்பார் என்று கணக்குப் போட்ட ஜோடிகள் சர்வீஸை வலையிலேயே அடித்தார்கள். வலையில் அடித்தால் ஃபால்ட், எதிராளிக்குப் புள்ளி. விதி அவ்வளவுதான் சொல்கிறது. அம்பயர் புள்ளியைச் சொல்லிக்கொண்டே இருந்தார், அரங்கம் ஊளையிட்டது. ரெஃப்ரி இறங்கி வந்து, ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் கறுப்பு அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுநாள் நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், வெளியேற்றப்பட்டார்கள். அதே போட்டியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியைத் தவறவிட்ட ஜோடி நம்முடைய ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா. அவர்கள் பிரிவில் நடந்த இன்னோர் ஆட்டத்தைப் பற்றி இந்தியா கொடுத்த புகார் ஏற்கப்படவில்லை.

இதையெல்லாம் விட்டுவிடலாம். பதக்கம் அடுத்த வருடமும் வரும். யோக்யகர்த்தாவில் நடந்ததைத்தான் அப்படி விட முடியவில்லை.

2024 ஜூன் 30. இந்தோனேசியாவின் அந்த நகரில் ஆசிய ஜூனியர் போட்டி. சீனாவின் ஜாங் ஜிஜியேவுக்கு வயது 17. ஜப்பான் வீரருடன் ஆடிக்கொண்டிருந்தான். முதல் கேம் 11-11. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில், யாரும் தொடாமல், பந்தும் படாமல், அப்படியே தரையில் விழுந்தான். வலிப்பு வந்ததுபோல் உடல் துடித்தது. காணொளியை உலகம் பார்த்தது. ஓரத்தில் இருப்பவர்கள் உள்ளே ஓடிவர எழுகிறார்கள், தயங்குகிறார்கள், ரெஃப்ரி பக்கம் பார்க்கிறார்கள். மருத்துவக் குழு கோர்ட்டுக்குள் வர ரெஃப்ரி அழைக்கவேண்டும் என்பது அன்றைய விதி. ஏறத்தாழ 40 விநாடி கழித்துத்தான் உதவி அவனிடம் போய்ச் சேர்ந்தது. அன்று இரவே மருத்துவமனையில் இறந்துபோனான். விதிப்படிதான் காத்திருந்தோம் என்றது போட்டியை நடத்திய நாட்டுச் சங்கம். அது பொய்யில்லை. மருத்துவ விதிகளை மறுபடி பார்க்கவேண்டும் என்று அப்போது வெளிப்படையாகக் கேட்டவர்களில் சிந்துவும் ஒருவர்.

அந்த 40 விநாடி அவனைக் காப்பாற்றியிருக்குமா என்பதை ஒரு காணொளியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நான் யோசிப்பது அந்த விதி எப்படி வந்தது என்று. மூச்சு வாங்கும் நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பிரே அடிக்கச் சொல்லி, எதிராளியின் வேகத்தை உடைக்கிற வித்தை எல்லா ஆட்டத்திலும் உண்டு. அந்த நடிப்பைத் தடுக்கத்தான் கதவைப் பூட்டிச் சாவியை ரெஃப்ரியிடம் கொடுத்திருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அந்தப் பூட்டு சரியாகவே வேலை செய்திருக்கும். நூறாவது முறை நிஜமாகவே ஒரு பையன் விழுந்தபோதும் அது பூட்டியே இருந்தது. சுற்றி நின்ற யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லோரும் சான்றிதழ் வாங்கியவர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போனால் தன் பிழைப்புக்கு ஏதாவது வருமோ என்ற பயம் ஒரு நொடியில் எல்லோரையும் கட்டிப்போட்டிருக்கலாம். நல்ல ஊழியர்களாக இருந்தார்கள்.

அம்பயர் தேர்வில் வலையின் உயரம் கேட்பார்கள். மஞ்சள் அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் வித்தியாசம் கேட்பார்கள். பையன் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், "ரெஃப்ரியை அழைப்பேன்" என்பது புத்தகப்படி சரியான விடை. அதற்கு முழு மார்க் கொடுக்கலாமா என்பதைத் தேர்வு வைக்கிறவர்கள் யோசிக்கவேண்டும். கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. முதலில் நாற்காலியை விட்டு இறங்குவேன், பிறகு அழைப்பேன் என்கிறவருக்கு விதி தெரியாது என்று அர்த்தமில்லை. விதி யாருக்காக என்பது தெரியும் என்று அர்த்தம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். நாட்டாமை என்ற ஆளை நமக்குத் தெரியும். அவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், எல்லோர் பாட்டனையும் தெரியும், அந்தத் தெரிதல்தான் அவருடைய தகுதி. தீர்ப்பிலும் அதுதான் வந்து உட்காரும். யாருக்குச் சாதகமாக உட்காரும் என்பதை, அந்தத் திண்ணைக்கு ஏற முடியாமல் கீழே நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அம்பயர் இதற்கு நேர் எதிர். பெரிய போட்டிகளில் ஆடுகிறவரின் நாட்டுக்காரரை அந்த நாற்காலியில் உட்காரவைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். அவருக்கு முன்னால் இருப்பது வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், அவ்வளவுதான். கேம் முடிந்ததும் பக்கம் மாறும். அப்போது வலப்பக்கம் இருந்தவர் இடப்பக்கம். மாமன், மச்சான், பங்காளி, ஒரே தெரு, ஒரே கம்பெனி என்று பின்னிக்கிடக்கும் தாராபுரம் போன்ற ஊரில் இப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உருவாக்குவது முடியாத காரியம் அல்ல.

ஆனால் உருவாக்குகிறோமா? உள்ளூர்ப் போட்டிகளில் வெகுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு அம்பயராக உட்காரவேண்டும். பதிமூன்று வயதுப் பெண், இரண்டு கேமும் தோற்று, கண்ணில் தண்ணீர் காயாமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு புள்ளி எழுதுகிறாள். அவளைத் தோற்கடித்த பெண் பக்கத்துக் கோர்ட்டில் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். கவனம் எங்கே இருக்கும்? "ஸ்கோர் சத்தமா சொல்லு சாமி" என்று யாரோ ஒரு அப்பா கீழேயிருந்து கத்துகிறார். தன் மகளுக்குப் பாதகமாக ஒரு கோடு போய்விட்டால் அதே அப்பா அவளிடம் எப்படிப் பேசுவார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீதி சொல்லும் இருக்கையைத் தண்டனையாக மாற்றி வைத்திருக்கிறோம். நாற்காலியில் ஏறுவது தோற்றுப்போனதன் அடையாளம் என்று சின்ன வயதிலேயே படித்துக்கொண்ட பிள்ளை, பின்னாளில் அதில் உட்கார ஆசைப்பட்டால்தான் ஆச்சரியம்.

ஆளுக்குப் பஞ்சம் என்பதை நான் நம்பவில்லை. இந்த வட்டாரத்தில் பதினெட்டு வயது வரை நன்றாக ஆடிவிட்டு, அதற்கு மேல் மேலே போக வழியில்லாமல், கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கோ காலேஜுக்கோ போய்விட்ட பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆட்டம் தெரியும், கண் இருக்கிறது, காது இருக்கிறது. அவர்களுக்குத் தேவை ஒரு விதிப் புத்தகம், மாநிலச் சங்கத்தின் அடுத்த தேர்வு எப்போது என்ற தகவல், போய்வர ஒரு நாள் லீவு. இவற்றில் எதற்கும் ஸ்டேடியம் கட்டவேண்டியதில்லை.

எனவே தாராபுரத்திலோ காங்கயத்திலோ மூலனூரிலோ ஷட்டில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஃப்ளெக்ஸில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பரிசளிப்பு என்று எட்டுப் பத்துப் பெயர் போடுகிறீர்கள். போடுங்கள், அது ஊர் வழக்கம். அம்பயர் பெயர் அதில் வேண்டாம், அவர் வேலைக்குப் பெயர் தேவையில்லை. பெரிய கோப்பையின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்து, அந்தக் காசில் தேர்வு எழுதிய மூன்று அம்பயர்களை வரவழையுங்கள். பஸ் செலவு, மதியச் சாப்பாடு, ஒன்றரை ஷிஃப்டுக்குக் கம்பெனியில் கொடுக்கும் கூலி, இவற்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். போட்டி நடக்கும் நாளன்று ஒரு டாக்டரையோ நர்சையோ கோர்ட் ஓரத்தில் உட்காரவைத்து, யாரையும் கேட்காமல் உள்ளே ஓடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோற்ற பிள்ளையை நாற்காலியில் ஏற்றாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.